வொம்பற் வளையில் ஒரு புள்ளி

புதிதாக நம் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, என் பிரியாவிடைத் தேநீரில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் நான் மூக்குக்கண்ணாடிகூடத் தேடி எடுக்கமாட்டேன் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள். கேக் முடிந்ததும் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். வாளியை எவ்வளவு ஆழம் புதைப்பது, வண்டை எந்த ஊசியில் குத்துவது என்பதெல்லாம் அலுவலகக் கைநூலில் இருக்கிறது. அதையெல்லாம் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவள் நான். மெல்பேர்ணுக்கு வந்து எட்டு வருடம் ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றேன். நாற்பத்தைந்தாவது வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. என் மேலதிகாரி தமிழ்நாட்டுப் பெண், என்னைவிடப் பதினேழு வயது இளையவள். முதல் நாளே, “உங்களை அக்கான்னு கூப்பிடுறேன். ஆனா தப்புப் பண்ணா அக்கான்னு பாக்க மாட்டேன்” என்றாள். அவளிடம் நான் கற்றதை எழுதினால் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நம் வேலையைக் கலியாண வீடுகளில் விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் விரைவில் தெரியவரும். “வொம்பற் தெரியுமா? கட்டைக் காலும் பருத்த பின்பக்கமுமாக, நிலத்தில் நீள வளை தோண்டி வாழ்கிற மிருகம். அந்த வளைக்குள் அதன் எச்சத்தைத் தின்று வாழ்கிற சாண வண்டுகள் உண்டு. அவை எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதுதான் என் வேலை” என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பாயாசத்துக்குப் போயிருப்பார். என் கணவர் தந்திரசாலி. “மனுசி சுற்றாடல் துறையில இருக்கிறா” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் நடந்தது.

மெல்பேர்ணிலிருந்து போகும் வழியில், சிட்னிக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு புல்சரிவு வரும். பத்தொன்பது வொம்பற் வளைகள் அதில் இருந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி முப்பது வருடமாக அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி மேய்த்துவந்தார். ஒவ்வொரு வொம்பற்றையும் பின்பக்கத்தை வைத்தே அடையாளம் சொல்வார். பக்கத்தில் இருந்த கல்குவாரி அந்தச் சரிவையும் வெட்டி எடுக்க அனுமதி கேட்டிருந்தது. நிலச் சொந்தக்காரருக்குச் சம்மதம். இந்த அம்மாவுக்கு மட்டும் நித்திரை இல்லை.

முடிவு எடுக்க வேண்டியது அந்த ஊர் நகரசபை. வளை வண்டுகளில் ‘கொம்பன்’ என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் ஒன்று உண்டு. கொத்தமல்லி விதையளவுதான் இருக்கும். ஆணுக்குத் தலையில் இரண்டு சின்னக் கொம்புகள். அது மிக அரிது. அது வாழ்கிற வளைகளைத் தோண்ட அனுமதி கிடையாது. ஆனால் எங்கள் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து மலைப்பக்கம் மட்டும்தான் அதற்குப் புள்ளி இருந்தது. அது இந்தச் சரிவிலும் வாழ்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல நகரசபை எங்கள் அலுவலகத்தைக் கேட்டது. இருந்தால் சரிவு தப்பும். இல்லாவிட்டால் குவாரிக்குப் போகும்.

அதே கிழமையில் என் மச்சாளின் மகளுக்குச் சிட்னியில், ஹோம்புஷில் கலியாணம். அதற்கு முதல்நாள் பொன்னுருக்கல், அதாவது தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. மச்சாள் ஒருநாள் போன் எடுத்தாள்.

“மச்சாள், பொன்னுருக்கலுக்குப் பிள்ளையார் பிடிக்கச் சாணி வேணும். இங்க பிளாற்றில நான் மாட்டுக்கு எங்க போறது? நீங்கள் காடு மேடெல்லாம் திரியிறனீங்கள்தானே.”

“மஞ்சளில பிடிச்சால் காணாதே?”

“காணும்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மஞ்சளில பிடிச்சவை. நாங்கள் சாணியில பிடிச்சால்தான் எங்கட முறை.”

சம்பந்தி வீட்டோடு போட்டி என்று வந்துவிட்டால் யார் தடுக்க முடியும்? வியாழக்கிழமை கிப்ஸ்லாந்தில் வேலையாக நின்றபோது, மாட்டுப் புல்வெளி ஒன்றில் நல்ல பதமான சாணியாகப் பார்த்து ஓர் ஐஸ்கிறீம் பெட்டியில் அள்ளிக்கொண்டேன். காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடினேன். வேலியோரத்தில் வொம்பற் வளைகள் இருந்ததை நான் பார்க்காமலில்லை. அந்த வளைகளில் கொம்பன் உண்டு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தவளே நான்தான். கொம்பன் சிலவேளை பக்கத்தில் கிடக்கும் மாட்டுச் சாணிக்கும் வரும் என்பதும் தெரியும். ஆனால் அன்று என் மூளை அத்தை வேலையில் இருந்தது. பூச்சி வேலையில் இருக்கவில்லை.

சிட்னிக்குப் போகிற வழிதானே, வண்டுகள் விழுந்து அகப்படும்படி சரிவின் வளைகளருகே வாளிகளைப் புதைத்துவிட்டுப் போய், கலியாணம் முடித்துத் திரும்பும்போது எடுக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு பயணம் ஒரு பயணமாகிவிடும். மேலதிகாரி அப்போதே சொன்னாள்: “அக்கா, வேலைச் சாமான் வேற, வீட்டுச் சாமான் வேற. ஒரே டிக்கில ஏத்தாதீங்க.” நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, பலகாரப் பெட்டி, பட்டுச்சேலை, சாணிப் பெட்டி, பத்தொன்பது வாளி எல்லாவற்றையும் ஒன்றாகவே ஏற்றினேன். பாதிவழியில் என் கணவர் ஒரு வளைவை வேகமாக எடுத்தார். பின்னால் என்னவோ கவிழ்ந்த சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் சாணிப் பெட்டி மூடி கழன்று வாளிகளின் மேல் சாய்ந்திருந்தது. சிந்தியதை வழித்துப் பெட்டியில் போட்டு, வாளிகளைக் கடதாசியால் துடைத்தேன். பலகாரத்தில் படவில்லை என்பதே அன்று என் பெரிய நிம்மதி.

அதே வாளிகளைச் சரிவில் புதைத்துவிட்டுச் சிட்னிக்குப் போனோம். கலியாணம் அமர்க்களமாக நடந்தது. திங்கட்கிழமை திரும்பும்போது சரிவில் வாளிகளைப் பார்த்தேன். பதினெட்டில் சாதாரண வண்டுகள்தான். பத்தொன்பதாவதன் அடியில் தனியாக ஒரு கொம்பன் நின்றது, இரண்டு கொம்போடும். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிப்ஸ்லாந்துக்கு வெளியே முதல் புள்ளி! அந்த அம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழும்பிப் போய், எலுமிச்சம்பழக் கேக் ஒன்றை வெட்டித் தந்தார். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அலுவலகத்துக்குப் போனதும் வரைபடத்தில் புள்ளியை வைத்து நகரசபைக்கு அனுப்பிவிட்டோம். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் கலியாண வீடியோவை அனுப்பினாள். வீட்டில் எல்லோரும் ரீவியில் போட்டுப் பார்த்தோம். பொன்னுருக்கல் காட்சி வந்தது. படம் பிடித்தவர் கலாரசிகர் போலும். சாணிப் பிள்ளையாரை மிக நெருங்கிப் பிடித்து, உச்சியில் செருகிய அறுகம்புல்லில் அப்படியே நிறுத்தியிருந்தார். எல்லோரும் “ஆஹா” என்றார்கள். அப்போது அறுகம்புல்லின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல வெளியே வந்து, பிள்ளையாரின் தோளில் ஏறி நின்றது. அதற்கு இரண்டு கொம்பு இருந்தது.

நான் ரிமோட்டைப் பறித்துப் படத்தை நிறுத்தினேன். கிப்ஸ்லாந்துச் சாணியோடு கொம்பன்கள் காரில் வந்திருக்கின்றன. ஒன்று கலியாணத்துக்குப் போயிருக்கிறது. மற்றது கவிழ்ந்த பெட்டியிலிருந்து என் வாளிக்குள் இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் நான் வைத்த புள்ளி பொய்ப்புள்ளி.

என் கணவர் நிலைமையை விளங்கிக்கொண்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதை கேள்விப்பட்டிருக்கிறன். வண்டாய் முடிஞ்சது இப்பத்தான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆர் உந்த வீடியோவைப் பார்க்கப் போகினம்? அந்த மனுசி பாவம். பேசாமல் இரும்” என்றார்.

பிள்ளைகளே, அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னது எனக்கும் தோன்றியது. வொம்பற்களுக்கு நல்லது, அந்த அம்மாவுக்கு நல்லது, என் பெயருக்கும் நல்லது. யாருக்கும் நட்டமில்லாத பொய்போலத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வரைபடத்தில் மற்றப் புள்ளிகளையும் வைத்தவள் நான்தானே, ஒன்று பொய் என்று தெரிந்தும் விட்டால் மற்றவற்றை நானே எப்படி நம்புவேன் என்று யோசித்ததும் போனை எடுத்தேன்.

மேலதிகாரி முழுவதையும் கேட்டாள். மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க அக்கா. ஆபீஸ்ல போட்டுக் காட்டணும்” என்றாள். பிறகு குரல் மாறியது. “டிக்கி விஷயம் சொன்னேன்ல?”

“சொன்னனீங்கள்.”

“சரி. புள்ளிய எடுத்துடலாம். கடிதம் நான் எழுதுறேன், என் பேர்லயே போகட்டும். ஆனா அந்த அம்மாவுக்கு நீங்கதான் சொல்லணும். ஈமெயில் இல்ல, போன்ல.”

கடிதத்தில் அவள் என் பெயரை எழுதவில்லை. ‘எங்கள் தவறு’ என்றே எழுதியிருந்தாள். அதைப் பிறகு பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். “நான் கேக் தந்தேன்” என்றார் கடைசியில்.

“ஆமாம்.”

“நீயாகத் தந்தாய், நீயாகவே பறிக்கிறாய்.”

“திரும்பவும் வந்து, சுத்தமான வாளிகளோடு தேடுகிறேன். விசாரணைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.”

“கேற் பூட்டியிருக்காது. என் கதவைத் தட்டவேண்டாம்.” போனை வைத்துவிட்டார். அவரில் பிழை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

அடுத்தநாளே மேலதிகாரியின் காரில் போனோம். புது வாளி, புதுச் சப்பாத்து, தோய்த்த உடுப்பு. எனக்குச் சாப்பாட்டுப் பெட்டிகூடக் கொண்டுவர அனுமதி இல்லை. வழியில் வாங்கிய பாணைத்தான் தின்றேன். வண்டுக்கு வைத்த இரைகூட அந்தச் சரிவில் பொறுக்கிய வொம்பற் எச்சம்தான். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. அந்த அம்மா தூரத்தில் வேலியைத் திருத்திக்கொண்டு, எங்களைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம் நான் நொந்துபோய் இருந்தேன். “ஒண்டாவது விழுந்தால் காணும்” என்றேன்.

மேலதிகாரி தலையை ஆட்டினாள். “ஒண்ணு போதாது அக்கா. போன தடவையும் ஒண்ணுதான விழுந்துச்சு. ஒரு வண்டு எங்கேருந்து வேணா வரலாம். பறந்து வரலாம், காத்துல வரலாம், கல்யாணத்துக்கு வந்தது மாதிரியும் வரலாம். இங்க வாழுதான்னுதான கேட்டிருக்காங்க?”

வாளியைப் பார்த்துப் பார்த்து, கேள்வியையே மறந்துபோயிருக்கிறேன். வாழ்கிறதென்றால் குடும்பம் இருக்கவேண்டும். விருந்தாளி வந்த வீட்டில் பிள்ளை பெற்று வளர்ப்பதில்லை. சாண வண்டு எச்சத்தை உருண்டையாக்கி, மண்ணுக்குள் வைத்து, அதில்தான் முட்டையிடும். அந்த உருண்டைகள் வாளியில் விழாது. வளைக்குள்ளேதான் கிடக்கும். ஆனால் வொம்பற் குடியிருக்கும் வளையைத் தோண்டக்கூடாது.

மூன்றாம் நாள் காலை சரிவின் மேல்பக்கத்தில், மழையில் கூரை விழுந்து வொம்பற் கைவிட்ட வளை ஒன்றைக் கண்டோம். நான் குப்புறப் படுத்து, கையால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. விரலில் கடலையளவு உருண்டை ஒன்று தட்டுப்பட்டது. பிறகு இன்னொன்று. வெளியே எடுத்து ஒன்றைப் பிளந்தேன். உள்ளே வெள்ளையாகச் சுருண்டபடி ஒரு குட்டிப் புழு. அடுத்த கைப்பிடி மண்ணில் ஒரு கொம்பனும், பக்கத்தில் கொம்பில்லாத அவன் மனைவியும் வந்தார்கள்.

நான் போட்ட சத்தத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மேலதிகாரி ஓடிவந்தாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் பார்த்தாள், எண்ணினாள், பிறகு அந்தச் சரிவிலேயே குதித்தாள். நானும் குதித்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுசியும் அவளுடைய மேலதிகாரியும் மண் அப்பிய முகத்தோடு கைகோர்த்துச் சுற்றுவதைச் செம்மறிகள் நின்று பார்த்தன. என் வேலைக்காலத்தில் அதைவிட மகிழ்ச்சியான காலை எனக்கு இல்லை. அந்த அம்மாவும் வேலியோரத்தில் நின்று பார்த்தார். கிட்ட வரவில்லை. ஒருமுறை சூடுபட்டவர் அல்லவா, அவர் எங்களை நம்பவில்லை.

விசாரணை நாள் நகரசபை மண்டபத்தில் நல்ல கூட்டம். குவாரியின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். எங்கள் மூன்று வரைபடங்களையும் வரிசையாகச் சுவரில் காட்டினார்.

“முதலில் புள்ளி வைத்தீர்கள். ஒரு கிழமையில் எடுத்தீர்கள். நாலு நாளில் மறுபடி வைத்தீர்கள். இந்த அம்மையார் மனம் மாறும் போதெல்லாம் நாங்களும் மாறவேண்டுமா? முதல் முறை என்ன நடந்தது?”

மேலதிகாரி பதில் சொல்ல எழும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இருத்திவிட்டு எழும்பினேன். அவள் பெயரில் போன கடிதம்தான். ஆனால் பிழை என்னுடையது. பிள்ளையார் யார், அவரை ஏன் சாணியில் பிடிக்கிறோம், சம்பந்தி வீட்டுக்காரர் ஏன் மஞ்சளில் பிடித்தார்கள், என் கணவர் வளைவை எப்படி எடுத்தார் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐஸ்கிறீம் பெட்டி கவிழ்ந்த இடத்தில் மண்டபம் சிரிக்கத் தொடங்கியது. வண்டு பிள்ளையாரின் தோளில் ஏறிய இடத்தில் வழக்கறிஞரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குக் காது சூடேறியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பிறகு கூரை விழுந்த வளையின் படங்களைக் காட்டினேன். உருண்டைகள், புழுக்கள், ஆணும் பெண்ணும். “முதல் வண்டு எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. இவை இந்த ஊர்” என்றேன்.

தலைவராக இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த வீடியோவை உங்கள் குடும்பத்துக்கு வெளியே யாராவது பார்த்தார்களா?”

“இல்லை.”

“புள்ளியை எடுக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா?”

“இல்லை. எடுக்கவேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.” பின்வரிசையில் இருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நகரசபைக்காரர்கள் உள்ளே போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். குவாரி மறுபக்கம் போகலாம், சரிவைத் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். தானாகவே தன் பதிவைத் திரும்பப் பெற்றவர் மறுபடி வைத்த பதிவைச் சந்தேகிக்கத் தமக்குக் காரணம் தெரியவில்லை என்றும் தலைவர் சொன்னார். மண்டபத்தில் கைதட்டினார்கள். மேலதிகாரி என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். போனை வைத்ததற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது அதுதான் முதல் தடவை. என் எதிரே வந்து நின்றார்.

“உன்னில் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?” என்றார். “ஒரு நாள்கூட நீ என் பக்கம் நிற்கவில்லை.”

நான் அடுத்த ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

“நின்றிருந்தால் அவர்கள் உன்னை நம்பியிருக்கமாட்டார்கள், இன்று என் சரிவு போயிருக்கும்” என்று சொல்லி, அந்தப் பஸ் ஓட்டிய கைகளால் என்னை மூச்சுத் திணறும்படி கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் அழுதோம், பிறகு ஏன் அழுகிறோம் என்று சிரித்தோம்.